ஒரு பிரெய்ரி விதைக் கலவை: வாங்கி விதைத்துப் பார்த்தபின்

விதைப் பையை ஒரே பருவத்தில் எடைபோட்டுவிட முடியாது. வாங்கிய கையோடு எழுதியிருந்தால் இது பையின் அழகைப் பற்றிய மதிப்புரையாக இருந்திருக்கும். முதல் கோடையில் எழுதியிருந்தால் களைகளைப் பற்றிய புலம்பலாக முடிந்திருக்கும். பொறுத்திருந்து, அந்தக் கலவையில் இருந்த காம்பஸ் பிளான்ட் என்ற பூச்செடி முதல் பூவை விட்டபிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் நடுப்பகுதியில். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் சரிவு நிலம். மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி விளைந்துகொண்டிருந்த மண். அதில் பிரெய்ரியை, அதாவது உழவுக்கு முன் இங்கே இயற்கையாக இருந்த புல்வெளியை, மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பதற்காக வாங்கியதுதான் இந்தக் கலவை. புல், பயறு வகைச் செடி, பூச்செடி எல்லாம் சேர்த்து 55 இனங்கள். ஏக்கருக்கு 600 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. மாநிலத்துக்குள்ளேயே சொந்தமாக விதைப்பயிர் வளர்க்கும் ஒரு பண்ணையில் வாங்கினோம். பண்ணையின் பெயரை எழுதவில்லை, காரணம் இருக்கிறது. இந்த விதை எங்கள் மண்டலத்துக்கு உரியது. மினசோட்டாவிலோ மிசூரியிலோ இருப்பவர் இதையே வரவழைத்து விதைத்தால் பாதி நோக்கம் கெட்டுவிடும். அவரவர் ஊருக்கு அருகில் விளைந்த விதையை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வகைக் கலவையைத் தயங்காமல் வாங்கலாம். குறைகள் உண்டு, பின்னால் வருகிறேன்.

ஒரு விதைப் பைக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அயோவாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் உயர்புல் பிரெய்ரியாக இருந்தது. இல்லினாய் மாநிலத்தில் ஜான் டீர் என்ற கொல்லர் 1837-ல் எஃகு ஏர் செய்தபிறகு, ஒட்டிப்பிடிக்கும் இந்தக் கரிய மண்ணை உழுவது எளிதாகிவிட்டது. ஒரு மனித ஆயுளுக்குள் கிட்டத்தட்ட எல்லாமே வயலாகின. இன்று எஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் எங்கே? பழைய கல்லறைத் தோட்டங்களின் மூலையில், ரயில் பாதையின் ஓரத்தில், கல் நிறைந்ததால் ஏர் பிடிக்காமல் விட்ட மேட்டில். உலக அளவில் பார்த்தாலும் நிலைமை இதுதான். மிதவெப்ப மண்டலப் புல்வெளிகளில் ஏறத்தாழ 46 சதவீதம் வேறு பயன்பாட்டுக்கு மாறிவிட்டதாகவும், பாதுகாப்பில் இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு என்றும் 2005-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நிலத்தில் உள்ள பெரும் உயிர்ச்சூழல்களிலேயே மிகக் குறைவான பாதுகாப்பு பெற்றது இது. மழைக்காடு அழிந்தால் உலகம் பதறுகிறது. புல் அழிந்தால் அங்கே ஏதோ வெற்று நிலம் பயன்பாட்டுக்கு வந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது பெரிய மனவருத்தம்.

இப்போது பைக்கு வருகிறேன். இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது பையோடு தைத்திருந்த விவரச்சீட்டு. ஒவ்வொரு இனத்துக்கும் தனி வரி. தாவரத்தின் பெயர், விதை எந்த மண்டலத்திலிருந்து வந்தது, புறத்தூய்மை (சருகும் உமியும் போக உள்ள விதை) எத்தனை சதவீதம், முளைப்புத் திறன் எத்தனை, உயிரோடிருந்தும் உடனே முளைக்காமல் உறக்கத்தில் உள்ள விதை எத்தனை, கடைசியாக ஒரு சதுர அடிக்கு எத்தனை விதை விழும் என்ற கணக்கு. கடைசிக் கட்டம்தான் நேர்மையின் அடையாளம். பல கலவைகளில் எடையை மட்டும் எழுதிவிடுவார்கள், எடையோ நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். ஒரு அவுன்சில் கல்வர்ஸ் ரூட் விதை சுமார் 8 லட்சம் இருக்கும், உள்ளங்கையில் வைத்தால் மூச்சுக்காற்றில் பறந்துவிடும் தூசு. அதே ஒரு அவுன்சில் காம்பஸ் பிளான்ட் விதை 660 அளவுக்குத்தான். அப்படியிருக்க, "பூச்செடி விதை இத்தனை அவுன்ஸ்" என்று எழுதுவதில் என்ன பொருள்?

எங்கள் பையில் சதுர அடிக்கு 40-க்குச் சற்று மேல். ஏக்கருக்கு 17 லட்சம் விதைக்கு மேல் வருகிறது. இவ்வளவும் சேர்ந்து எடை 10 பவுண்டுக்கு அருகில்தான். அதேபோல எடையை முழு எடையாகக் கணக்கிடாமல், உயிருள்ள தூய விதையின் எடையாகக் கணக்கிட்டிருந்தார்கள். புறத்தூய்மை 90 சதவீதம், முளைப்பு 80 சதவீதம் என்றால் 100 பவுண்டு பையில் உண்மையான விதை 72 பவுண்டுதான், மிச்சம் சருகும் உமியும் செத்த விதையும். விலையை ஒப்பிடும்போது இந்த 72-ஐத்தான் பார்க்க வேண்டும். குறைந்த விலைப் பை பலவும் இந்தக் கணக்கில் தோற்றுப்போகும்.

அடுத்தது மண்டலம். வடக்கு அயோவா பல்கலைக்கழகத்தில் இயங்கும் டால்கிராஸ் பிரெய்ரி சென்டரின் பணியை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1990-ல் தொடங்கிய திட்டத்தின் கீழ் மாநிலத்தை வடக்கு, நடு, தெற்கு என்று மூன்றாகப் பிரித்து, எஞ்சிய பிரெய்ரித் துண்டுகளிலிருந்து கையால் விதை சேகரித்து, பாத்தியில் பெருக்கி, விதைப் பண்ணைகளுக்குக் கொடுத்தார்கள். அந்த வழியில் வந்து, மூலம் சரிபார்க்கப்பட்ட விதைக்கு மஞ்சள் அட்டை கிடைக்கும். எங்கள் கலவையில் புற்கள் அனைத்துக்கும், பூச்செடிகளில் பெரும்பாலானவற்றுக்கும் அந்த அட்டை இருந்தது. தெற்கே வெகு தூரத்தில் விளைந்த பிக் புளூஸ்டெம் என்ற புல்லின் விதையை இங்கே போட்டால் முளைக்கும், ஆள் உயரத்துக்கு மேல் வளரவும் செய்யும். ஆனால் பூப்பது தள்ளிப்போகும், விதை முற்றும் முன்பே உறைபனி வந்துவிடும். இங்குள்ள குளிரும் பகல்நீளமும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழக்கியெடுத்த செடியின் வாரிசுதான் இங்கே நிலைக்கும். ஒரு கல்லறைத் தோட்டத்து மூலையில் தப்பித்த செடியின் பேரப்பிள்ளை என் நிலத்தில் நிற்கிறது என்ற நினைப்புக்காகவே நான் இன்னும் அதிக விலை கொடுப்பேன்.

கலவையின் விகிதமும் நன்றாக இருக்கிறது. விதை எண்ணிக்கையில் புல் பாதி, பூச்செடி பாதி. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கலவைகளில் பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் இரண்டும் நிரம்பி வழியும். அவற்றை இயந்திரத்தால் அறுவடை செய்வது எளிது, ஆகவே மலிவு. இவை நல்ல புற்கள், ஆனால் ஆறேழு அடி உயர்ந்து நிழல் கட்டி, சில ஆண்டுகளில் பூச்செடிகளை ஒடுக்கிவிடும். எங்கள் கலவையில் அவை அளவோடு இருந்தன. லிட்டில் புளூஸ்டெம், சைட் ஓட்ஸ் கிராமா போன்ற குட்டைப் புற்களுக்கு அதிக இடம் கொடுத்திருந்தார்கள். கொத்துக் கொத்தாக வளரும் புல் இது, கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே வெறுமண் தெரியும். காடைக்குஞ்சு நடக்கவும், தரையில் கூடு கட்டும் தேனீ இறங்கவும் அந்த இடைவெளி வேண்டும்.

களைவிதை என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தது. கூடவே, கேட்டதும் பால்மர் அமரந்த் என்ற களை இல்லை என்ற சோதனைச் சான்றையும் அனுப்பினார்கள். எந்தக் கலவை வாங்கினாலும் இந்தச் சான்றைக் கேட்டுப் பெறுங்கள். நம் தண்டுக்கீரையின் உறவுக்காரச் செடிதான், ஆனால் ஒரே செடி லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும், பல களைக்கொல்லிகளுக்கும் அடங்காது. 2016-ல் அயோவாவிலும் அண்டை மாநிலங்களிலும் பல இடங்களில் இது திடீரென்று முளைத்தது. எங்கிருந்து வந்தது என்று தேடினால், தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் உதவுவதற்காக விதைத்த பாதுகாப்புக் கலவைகளில் கலந்து வந்திருந்தது. நல்ல காரியம் செய்யப் போன விவசாயிகளின் தலையில் இது விழுந்தது. 2017-ல் அயோவா இதைக் கேடுதரும் களைகளின் சட்டப்பட்டியலில் சேர்த்தது. கலவைக்கு விதை எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

விதைத்தது குளிர்காலத்தில். ஈர மணலோடு கலந்து கையால் வீசினோம், பனி உருகி உறைந்து மண் வெடிக்கும் விரிசல்களில் விதை தானாக இறங்கிக்கொள்ளும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பிரெய்ரிப் பூச்செடிகள் பலவற்றுக்கு விதை உறக்கம் கலையக் குளிர்ந்த ஈரத்தில் பல வாரங்கள் கிடக்க வேண்டும். குளிர்காலமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பயறு வகைச் செடிகளின் வேரில் தங்கி நைட்ரஜனைப் பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிரைத் தனிப்பொட்டலமாகக் கொடுத்திருந்தார்கள், தேவைக்கு அதிகமாகவே இருந்தது. நாற்றுகள் வரும்வரை மண்ணை மூடிக் காக்கும் மூடுபயிராக ஓட்ஸ் சேர்த்தோம்.

முதல் ஆண்டில் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. பக்கத்து வயல்காரர் வேலியோரம் வந்து நின்று, "நல்ல நிலத்தைக் களைக்குக் கொடுத்துவிட்டீர்களே" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். ஃபாக்ஸ்டெய்ல் புல்லும் ரேக்வீடும் இடுப்புயரம் வளரப் பார்த்தன. ஆறு அங்குலத்துக்கு வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கீழே இருக்கும் நாற்றுக்கு வெளிச்சம் போகவேண்டும் என்பதற்காக. மண்டியிட்டு விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்: நகக்கண் அளவில் இரண்டே இலை விட்ட பர்ப்பிள் பிரெய்ரி குளோவர். அதை ஒன்று பிடுங்கிப் பார்த்தேன். மேலே ஓர் அங்குலம் இருந்த செடிக்குக் கீழே வந்த வேர் என் நடுவிரலைவிட நீளம், அதுவும் நுனி அறுந்து மண்ணிலேயே தங்கிவிட்டது. இந்தச் செடிகள் முதலில் கீழ்நோக்கி வளர்கின்றன. முற்றிய செடிகளின் வேர் மூன்று மீட்டரையும் தாண்டும். வறட்சி, நெருப்பு, மேய்ச்சல் மூன்றையும் தாங்குவதற்கு வளர்நுனியையும் சேமிப்பையும் மண்ணுக்குள் வைத்துக்கொண்ட தாவரங்கள் இவை. அந்த வேர்கள் ஆண்டுதோறும் செத்து மட்கி, மீண்டும் முளைத்துத்தான் அயோவாவின் கரிய மண் உருவானது. மத்திய மேற்கு மாநிலங்களில் எஞ்சிய பிரெய்ரித் துண்டுகளையும் அவற்றை ஒட்டிய வயல்களையும் அளந்த ஓர் ஆய்வில், வயல்தரை பல இடங்களில் ஓர் அடிக்கு மேல் தாழ்ந்திருந்தது. ஏர் பட்ட நாளிலிருந்து அவ்வளவு மண் போய்விட்டது.

இரண்டாம் கோடையில் பிளாக் ஐட் சூசன் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. அதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. குறுகிய ஆயுள் கொண்ட செடி, இடத்தைப் பிடித்து வைத்திருந்து மற்றவற்றுக்கு விட்டுக்கொடுத்துவிடும். அடுத்த கோடையில்தான் கலவையின் தரம் வெளியே வந்தது. வைல்டு பெர்கமாட், பேல் பர்ப்பிள் கோன்ஃப்ளவர், ராட்டில்ஸ்நேக் மாஸ்டர், ஆகஸ்டில் பிக் புளூஸ்டெம்மின் மூன்று கிளைக் கதிர். நாங்கள் விதைத்த 55-ல் 41 இனங்களை இதுவரை அடையாளம் கண்டிருக்கிறேன். வெறும் வயலாக இருந்த மண்ணில் இது மிக நல்ல தேர்ச்சி. பெர்கமாட் பூக்கும் நாட்களில் அந்தப் பக்கம் போனால் காதில் ஒரே ரீங்காரம். 2017-ல் அழிவாபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்ட ரஸ்டி பாட்ச்டு பம்பிள் பீ இந்தப் பூவை விரும்பி வரும் என்பதால் ஒவ்வொரு ஜூலையிலும் முதுகில் துருநிறத் திட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். டிக்சிசெல் பறவை வந்துவிட்டது. மார்பில் மஞ்சள், தொண்டையில் கறுப்பு, உயரமான தண்டில் உட்கார்ந்து காலை முழுதும் கத்தும். வயலாக இருந்தபோது இந்தக் குரலை இங்கே கேட்டதே இல்லை.

காம்பஸ் பிளான்ட் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. சொரசொரப்பான, ஆழமாகப் பிளந்த பெரிய இலைகள். விளிம்பு வடக்கு தெற்காக இருக்கும்படி நிமிர்ந்து நிற்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் இலைப்பரப்பில் விழும், உச்சி வெயில் விளிம்பை மட்டும் தடவிக்கொண்டு போகும். பகல் கொதிக்கும்போது தொட்டுப் பார்த்தால் இலை குளிர்ச்சியாக இருக்கிறது. பல ஆண்டுகள் வெறும் இலையாக இருந்து வேர் இறக்கிவிட்டுத்தான் பூக்கும். பூத்தால் பல பத்தாண்டுகள் நிற்கும்.

இனி குறைகள். முதலாவது, வசந்தகாலப் பூக்கள் போதாது. கோல்டன் அலெக்சாண்டர்ஸ் தவிர மே மாதத்தில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. குளிர்காலம் முடிந்து வெளியே வரும் ராணி பம்பிள் தேனீக்குத் தேன் கிடைக்க வேண்டிய மாதம் அது. ஷூட்டிங் ஸ்டார் போன்றவற்றின் விதை அரிது, விலையும் அதிகம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கொஞ்சமாவது சேர்த்திருக்கலாம். இரண்டாவது, கோரை இனங்கள் மிகக் குறைவு. சரிவின் அடிப்பகுதி ஈரமாக இருக்கும். அங்கே இடம் காலியாகக் கிடந்து, ரீட் கேனரி கிராஸ் என்ற ஆக்கிரமிப்புப் புல் நுழையப் பார்க்கிறது. மூன்றாவது, கூட வந்த வழிகாட்டித் தாள். முதல் ஆண்டு வெட்டுவதைப் பற்றி ஒரே வரி. புதிதாகச் செய்பவர் பலரும் கைவிடுவது அந்த ஆண்டில்தான். படத்தோடு ஒரு பக்கம் வேண்டும். அதே தாளில் எரிப்பதைப் பற்றி இன்னும் குறைவாக இருந்தது. நெருப்பில்லாமல் பிரெய்ரி நிலைக்காது. மரக்கன்றும் ஸ்மூத் புரோம் போன்ற, குளிர்ந்த பருவத்தில் தழைக்கும் புல்லும் ஏறிவிடும். ஆனால் மொத்தத்தையும் ஒரே வசந்தத்தில் எரித்தால் தண்டுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும் பூச்சிகள் அழியும். நாங்கள் தீயணைப்புத் துறைக்குத் தகவல் சொல்லி, பயிற்சி பெற்றவர்களை வைத்துப் பாதிப் பாதியாகத்தான் எரிக்கிறோம்.

பல்பொருள் கடைகளில் டப்பாவில் வரும் "காட்டுப்பூக் கலவை"யோடு இதை ஒப்பிடவே கூடாது. நண்பர் ஒருவர் வாங்கியதன் பின்புறத்தைப் படித்துப் பார்த்தேன்: ஐரோப்பியக் கார்ன்ஃப்ளவர், கலிஃபோர்னியா பாப்பி, டேம்ஸ் ராக்கெட். கடைசியாகச் சொன்னது காட்டோரங்களை ஆக்கிரமிக்கும் அந்நியச் செடி. முதல் கோடையில் அழகாகப் பூக்கும், பிறகு அங்கே புல்வெளியும் இருக்காது, பூவும் இருக்காது.

எவ்வளவு நல்ல கலவையானாலும் பழைய பிரெய்ரிக்கு அது ஈடாகாது என்பதையும் வாங்குபவர் தெரிந்திருக்க வேண்டும். 1945-ல் மாநிலம் வாங்கிப் பாதுகாத்த 240 ஏக்கர் ஹேடன் பிரெய்ரிக்குப் போய்ப் பாருங்கள். தாவரவியலாளர் ஏடா ஹேடனின் பெயரைத் தாங்கிய இடம் அது. எஞ்சிய பிரெய்ரிகளைக் கணக்கெடுத்துக் காப்பாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். அங்கே ஒரு சதுர மீட்டரில் நிற்கும் செடிவகைகள் என் நிலத்தில் பத்து அடி நடந்தாலும் வராது. மண்ணில் உள்ள பூஞ்சை, எறும்பு, இலைத்தத்துப்பூச்சி எதையும் பையில் போட்டு விற்க முடியாது. ஆகவே உங்கள் பகுதியில் உழப்படாத ஒரு துண்டு விலைக்கு வருகிறதென்றால் விதைக்கு வைத்த பணத்தை அதைக் காப்பாற்றக் கொடுங்கள்.

வயல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். முழு நிலத்தையும் மாற்ற வேண்டியதில்லை. நீல் ஸ்மித் தேசிய வனவிலங்குப் புகலிடத்தில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 2007 முதல் நடத்திய சோதனையில், வயலின் 10 சதவீதத்தைப் பிரெய்ரிப் பட்டைகளாக்கியதும் மழைநீரோடு வழிந்தோடும் மண் 95 சதவீதம் குறைந்தது. அப்படி ஓடிப்போகும் பாஸ்பரசும் நைட்ரஜனும் பெருமளவு குறைந்தன. 2018 விவசாயச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பட்டைகளுக்கு மத்திய அரசின் நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் உதவி கேட்கலாம். வேலியோரம் வருத்தப்பட்ட அதே பக்கத்து வயல்காரர், பெருமழைக்குப் பின் எங்கள் சரிவிலிருந்து வந்த தண்ணீர் தெளிவாக இருந்ததைப் பார்த்துவிட்டு இந்தத் திட்டத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆர்டர் செய்பவர்கள் கோடைமுடிவுக்குள் சொல்லிவிடுங்கள், அரிய இனங்கள் அக்டோபருக்குள் தீர்ந்துவிடும். உலர் மேடு, நடுத்தர ஈரம், ஈரநிலம் என்று மூன்று வகைக் கலவை கிடைக்கிறது. எங்களைப் போலச் சரிவு நிலம் என்றால் ஒன்றையே முழுவதற்கும் போடாமல் மேலுக்கு ஒன்று, அடிக்கு ஒன்று என்று பிரித்து வாங்குங்கள். கோரையையும் வசந்தகாலப் பூக்களையும் விதையாக இல்லாமல் நாற்றாக நடலாம் என்று பண்ணையில் சொல்கிறார்கள். வரும் வசந்தத்துக்கு ஒரு தட்டு ஷூட்டிங் ஸ்டார் நாற்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன்.